வோல்கா டயர் நான்கு

ஹயலியா,
4 மே 2003

அன்புள்ள நெரெய்தாவுக்கு,

நீயும் யானெலிஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நேற்று மத்தியானம் வரை நலமாகத்தான் இருந்தேன்.

நான் வேலை பார்க்கும் டயர் கடையில் யாரோ ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஹவானாவின் பழைய கார்கள், மாதத்துக்கு ஒன்று. மே மாதத்தைத் திருப்பினால் என் ஷெவர்லே! ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி, பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, இடது கதவில் நான் சுவரில் இடித்த பள்ளம் கூட அப்படியே இருக்கிறது. பக்கத்தில் நீ, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. ஒன்பது வருஷம் கழித்து உன் முகத்தைப் பார்க்கிறேன், ஆனால் என் கண் நேராகக் கீழே போய்விட்டது. அந்தச் சக்கரங்கள்! ரஷ்யக்காரனின் வோல்கா கார்ச் சக்கரங்கள்!

நெரெய்தா, அது என்ன அநியாயம்? மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு பூனை குட்டி போட்டு வளர்க்கலாம். நிமிர்ந்து நிற்க வேண்டிய வண்டி முழங்காலில் தவழ்கிறது. கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். முதலாளி, "இது உன் காரா? செருப்பைத் தொலைச்சுட்டு நிக்கிற மாதிரியில்ல இருக்கு?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

யார் சொல்லிக்கொடுத்த யோசனை இது? பஞ்சர் கடைச் செவேரோவா? அவனுக்குப் பசை தடவத் தெரியும், அளவு தெரியுமா?

சரியான டயர்களை நான் அனுப்புகிறேன். எத்தனை வேண்டும் என்று மட்டும் எழுது. இதைக் கொண்டுவரும் அம்மாள் இரண்டு வாரம் அங்கே தன் தங்கை வீட்டில் இருப்பார். அவரிடமே பதிலைக் கொடு.

குழந்தை எப்படி இருக்கிறாள்?

உன்
ஒனேலியோ


குவானபகோவா,
17 மே 2003

ஒனேலியோ,

'அன்புள்ள' என்று எழுத மூன்று முறை பார்த்தேன். பேனா நகரவில்லை.

ஒன்பது வருஷம். உயிரோடு இருக்கிறாயா, மீன் தின்றுவிட்டதா என்று யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீயாக எழுதிய முதல் கடிதம் இது. அதில் சக்கரத்துக்கு இருபது வரி, பெற்ற பெண்ணுக்கு ஒரு வரி. எனக்கு இடுப்பில் வைத்த கை!

முதலில் ஒன்று. அது உன் ஷெவர்லே இல்லை. என் அப்பாவின் வண்டி. என்னைக் கல்யாணம் செய்துகொண்டதால் ஸ்டியரிங்கைத் தொட்டாய், அவ்வளவுதான்.

இரண்டாவது. அந்த வண்டிக்குச் சரியான சக்கரங்கள் இருந்தன. அவை எங்கே போயின என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? தொண்ணூற்று நான்கு ஆகஸ்ட், புதன்கிழமை, பகல் பதினொரு மணி. "டயரெல்லாம் பஞ்சர், செவேரோகிட்ட ஒட்டிட்டு வந்துடறேன்" என்றாய். ஜாக்கியைப் பிடித்தது நான். வண்டிக்கு அடியில் செங்கல் அடுக்கியது நான். நாலையும் கழற்றிக் கைவண்டியில் ஏற்றினாய், ஸ்டெப்னியையும் எடுத்துக்கொண்டாய். சாயங்காலம் செவேரோவிடம் போய்க் கேட்டால், "இங்க ஒரு வீலும் வரலையே தாயி" என்கிறார். உள்ளே இருந்த ட்யூப்களில் காற்றடித்து, பலகையைக் கட்டித் தெப்பமாக்கி, கோஹிமார் கடற்கரையிலிருந்து நீ கடல் தாண்டிப் போய்விட்டாய் என்று ஊரே என்னிடம் வந்து சொன்னது.

அப்பாவின் கார் பதினான்கு மாதம் செங்கல் மேல் நின்றது. கோழி முட்டையிட்டது அதில். ஒரு வோல்காவை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் தையல் மெஷினைக் கொடுத்து அந்தச் சக்கரங்களை வாங்கினேன். ஆணித் துளை பொருந்தவில்லை. லேத் பட்டறையில் புதிதாகத் துளை போட்டுக் கொடுத்தார்கள். பிறகு நானே ஓட்டப் பழகினேன். இன்று குவானபகோவாவிலிருந்து ஹவானா பூங்கா வரை தினமும் எட்டு நடை, நடைக்கு ஆறு பேர். அதில்தான் உன் பெண் சாப்பிடுகிறாள்.

உன்னிடம் எதையும் கேட்கவில்லை. ஆனால் நீயே வலிய வந்து கேட்டதால் எழுதுகிறேன். போன மாதம் வண்டிச் சோதனையில் டயரெல்லாம் மொட்டை என்று எழுதிவிட்டார்கள். செப்டம்பர் முப்பதுக்குள் மாற்றாவிட்டால் நம்பர் பிளேட்டைக் கழற்றிவிடுவார்கள், வண்டி மறுபடி செங்கலுக்குப் போகும். இங்கே டயர் கிடைக்கவில்லை. வோல்கா டயர் நான்கு. அனுப்ப முடிந்தால் அனுப்பு. முடியாவிட்டால் இன்னொரு ஒன்பது வருஷம் சும்மா இரு.

யானெலிஸ் நன்றாக இருக்கிறாள். டிசம்பரில் பதினைந்து.

நெரெய்தா


ஹயலியா,
20 ஜூன் 2003

அன்புள்ள நெரெய்தா,

திட்டு, எனக்கு வேண்டியதுதான். ஆனால் நான் பொய்யன் என்பதைப் போல் எழுதியதுதான் பொறுக்கவில்லை. இரண்டு டயர் உண்மையிலேயே பஞ்சர். ரிம்களை நான் விற்றுத் தின்றுவிடவும் இல்லை. அவற்றைக் கொடுத்துத்தான் ஒரு திசைகாட்டியும் குடிதண்ணீர்ப் பீப்பாயும் வாங்கினேன். அவை இல்லாமல் இருந்தால் நீ சொன்ன மீன் என்னைத் தின்றிருக்கும். அப்புறம் நடுக்கடலில் பிடித்து எட்டு மாதம் குவாந்தானமோ முகாமில் முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டாயா?

எழுதாதது தப்பு. எழுத உட்கார்ந்தால் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காலண்டர் வந்த பிறகுதான் ஆரம்பிக்க ஒரு விஷயம் கிடைத்தது.

இப்போது டயருக்கு வருவோம். ஏழு வருஷமாக இதுதான் எனக்குச் சோறு, அதனால் சொல்கிறேன், கோபிக்காமல் படி. பழைய டயரில் 6.70-15 என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலம். அந்த வண்டியைச் செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து போடவில்லை. உயரம், வளைவு, மீட்டர் எல்லாம் அதற்குக் கணக்குப் பண்ணியது. நீ மாட்டியிருக்கும் சில்லறைச் சக்கரத்தில் ஐம்பதில் போனால் மீட்டர் ஐம்பத்தைந்து காட்டும். உனக்கே தெரியாமல் உன்னிடம் தினமும் பொய் சொல்லும் வண்டி அது.

நல்ல செய்தி ஒன்று. நீ வோல்கா டயர் என்று எழுதியிருந்தாய். இங்கே வோல்கா என்றால் யாருக்கும் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும். வோல்காவுக்கு 6.70-15. ஷெவர்லேக்கும் அதே 6.70-15! கடவுளே பார்த்துச் சேர்த்த மாதிரி. சுற்றி வெள்ளை வளையம் தெரியும் வெள்ளைப் பக்க டயராகவே பார்த்திருக்கிறேன். அதற்கேற்ற ரிம்மும் சேர்த்து அனுப்புகிறேன். யானெலிஸின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு, நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் போகிற மாதிரி, பெரிய கவுன் போட்டுக்கொண்டு அவள் அதில் ஊர்வலம் போகட்டும். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கடையில் மாட்டுவேன்.

உன்
ஒனேலியோ


குவானபகோவா,
14 ஜூலை 2003

ஒனேலியோ,

உன் கடிதத்தை ஸ்டியரிங்கில் விரித்துவைத்துப் படித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "யாரு கண்ணு செத்துப்போனது?" என்று கேட்டார்கள். என் முகம் அப்படி ஆகியிருக்கிறது.

வோல்காவில் இரண்டு உண்டு என்று உனக்குத் தெரியாதா? மூக்கில் மான் பொம்மை வைத்த பழைய வோல்காவுக்குத்தான் பதினைந்து. அது இந்த ஊரில் எத்தனை ஓடுகிறது, விரலை விட்டு எண்ணு. புதிய வோல்காவுக்குப் பதினான்கு. இங்கே நாங்கள் யாரும் அங்குலம் பேசுவதில்லை. லாடா டயர், மோஸ்க்விச் டயர், வோல்கா டயர், அவ்வளவுதான். வோல்கா டயர் என்று கேட்டால் கண் தெரியாத பஞ்சர் கடைக்காரன் கூடப் பதினான்கைத்தான் எடுத்துப் போடுவான். நீ இங்கே முப்பத்தாறு வருஷம் இருந்தவன். மே மாதப் படத்தில் என் சக்கரம் சின்னது என்று கடை முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியவனும் நீதான். அப்புறம் எந்தக் கண்ணால் பதினைந்து என்று படித்தாய்? உனக்குப் பிடித்த அர்த்தத்தை என் வார்த்தைக்குள் திணிக்கிறாய்.

எண்ணாகவே எழுதுகிறேன், கடைச் சுவரில் ஒட்டிக்கொள்: 205/70-14. கறுப்பு. வெள்ளைப் பக்கம் எனக்கு வேண்டாம். மழையில் நம் தெரு எப்படி இருக்கும் என்று மறந்துவிட்டதா?

மீட்டர் பொய் சொல்கிறதாம். சொல்லட்டும். அது அதிகமாகக் காட்டுவதால்தான் நான் மெதுவாகப் போகிறேன், ஒரு போலீஸ்காரனும் இதுவரை என்னை நிறுத்தவில்லை. அது மட்டுமில்லை, வண்டியில் இப்போது இருக்கிற எஞ்சினும் வோல்காவுடையது. பழையது தொண்ணூற்றெட்டில் போய்விட்டது. போட்டோவில் எஞ்சின் தெரியாததால் நீ அதைக் கேட்கவில்லை. இந்த எஞ்சினுக்குச் சின்னச் சக்கரம்தான் தோது. ஆறு பேரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறுவது நான், நீயோ காலண்டரோ இல்லை.

ஊர்வலமாம், கவுனாம். அவளைக் கேட்டாயா? பஞ்சுமிட்டாய் மாதிரி உடுத்திக்கொண்டு தெருத் தெருவாகக் கையசைக்க மாட்டேன் என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் முப்பதை மறக்காதே. பிளேட்டைக் கழற்றினால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இத்தனை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தேன். அந்தப் புதன்கிழமை என்னிடம் ஏன் சொல்லவில்லை? அதற்குப் பதில் எழுது. சக்கரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நெரெய்தா


ஹயலியா,
9 ஆகஸ்ட் 2003

அன்புள்ள நெரெய்தா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வியாழக்கிழமை பார்சல் பனாமா வழியாகப் புறப்பட்டுவிட்டது. நான்கு ரிம், நான்கு டயர், 6.70-15, மூன்று விரல் அகலத்துக்கு வெள்ளைப் பக்கம்.

கத்தாதே. முன்பே சொல்லி வைத்துவிட்டேன், கடையில் எல்லோரும் சேர்ந்து வாங்கியது, முதலாளி வந்து தடவிப் பார்த்தார். இதைப் போய் மாற்று என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாளில் என்ன செய்ய முடியும்?

மாட்டிப் பார். அது நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் உன் கோபமெல்லாம் போய்விடும், எழுதி வைத்துக்கொள். நீ கேட்ட மற்ற விஷயத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. நேரில் வரும்போது பேசலாம்.

உன்
ஒனேலியோ


குவானபகோவா,
28 செப்டம்பர் 2003

ஒனேலியோ,

பார்சல் ஆறாம் தேதி வந்தது. தெருவே கூடிவிட்டது. செவேரோ ஒரு டயரை மடியில் வைத்துக்கொண்டு, "தாயி, இத மாதிரி நான் தொட்டு நாப்பது வருஷம் ஆச்சு" என்று மூக்கை உறிஞ்சினார். நீ சொன்னது ஒன்று உண்மை. மாட்டியதும் வண்டி நிமிர்ந்து நின்றது. என் அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்குவார் போல இருந்தது. அழுதேன். அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை ஆறு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஆஸ்பத்திரி மேட்டில் பாதியில் எஞ்சின் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டாவது கியர், முதல் கியர், எதற்கும் அசையவில்லை. பெரிய சக்கரத்தை இழுக்க அதற்குத் தெம்பில்லை. எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னேன். தள்ளியவர்களில் ஒருவர், "ஏம்மா, சக்கரம் மட்டும் கல்யாணத்துக்குக் கெளம்பியிருக்கு, வண்டி எங்க கெளம்பியிருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் வெயிலில் நடந்து மேலே போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெள்ளைப் பக்கத்தை எட்டி உதைத்தேன்.

இரண்டு நாள் இருந்தது உன்னிடம்! ஒரு போன் செய்ய இரண்டு நிமிஷம் போதும். என் பிளேட் போகும் என்று தேதி போட்டு எழுதினேன், எண் போட்டு எழுதினேன். கடைக்காரர்கள் முன்னால் உன் முகம் வாடக் கூடாது என்பதற்காக அனுப்பினாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு எது வேண்டும் என்று கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய், இப்போது கேட்டும் கேட்காமல் அனுப்பியிருக்கிறாய். எடுத்ததும் கொடுத்ததும் ஒரே குணத்தில்தான்.

உன் டயரும் ரிம்மும் இப்போது என்னிடம் இல்லை. வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் சுற்றும் ஒரு சிவப்புத் திறந்த காருக்கு மாறிப் போய்விட்டன. அந்த ஆள் பதிலுக்கு நான்கு கறுப்பு டயர் கொடுத்தார், 205/70-14, தேயாதவை. என் பழைய வோல்கா ரிம்மில் செவேரோ மாட்டிக் கொடுத்தார். நேற்று முன்தினம் சோதனைக்குப் போனேன். அதிகாரி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நாலும் ஒரே அளவு. போ, அடுத்தவங்கள வரச் சொல்லு" என்றார். பிளேட் வண்டியில் இருக்கிறது. மேட்டில் ஏறுகிறது.

நீ பதில் எழுத மாட்டேன் என்கிறாய். சரி, நான் என் பங்கை எழுதுகிறேன்.

ஒரே நாளில் ஐந்து சக்கரமும் பஞ்சராகாது, ஒனேலியோ. நான் மெக்கானிக் மகள். ஸ்டெப்னியை நீ தூக்கியபோதே எனக்குத் தெரியும். நம் தெருவில் அந்த மாதம் யார் ட்யூப் எடுத்தாலும் கடலில் இறங்கத்தான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். செவேரோவிடம் போய்க் கேட்டது கூடத் தெருக்காரர்கள் பார்க்கட்டும் என்றுதான். உன்னைத் தடுக்க எனக்கு ஒரு வார்த்தை போதும், நீ நின்றிருப்பாய். நின்றுவிட்டு, சாகிறவரை, "ஒனக்காகத்தானே நின்னேன்" என்று சாப்பாட்டுக்குச் சாப்பாடு சொல்லியிருப்பாய். அதைக் கேட்டுக்கொண்டு வாழ என்னால் முடியாது. அதனால் செங்கலை எடுத்துக் கொடுத்தேன்.

நீ என்னை ஏமாற்றிவிட்டதாக ஒன்பது வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நீ போகவில்லை, நான் விட்டேன். இப்போதாவது நீ உன் பங்கைச் சொல்.

நெரெய்தா


ஹயலியா,
19 அக்டோபர் 2003

நெரெய்தா,

டயர்களை மாற்றிக்கொண்டது சரி. முதலில் கோபம் வந்தது. கடையில் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் 205/70-14 என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இதை எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

என் பங்கு.

ட்யூப்பைக் கட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் புறப்படுவதாக இருந்தது. என் சித்தப்பா மகன், அவன் நண்பன், நான். நண்பன் கடைசியில் வரவில்லை. அவனைப் போகவிடாமல் அவன் அம்மா வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள். பகல் இரண்டு மணிக்கு அது தெரியும். அலை அடங்கட்டும் என்று சாயங்காலம் ஏழு மணி வரை காத்திருந்தோம். கரையிலிருந்து வீட்டுக்கு நடந்தால் ஒரு மணி நேரம். ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. உன் மடியில் குழந்தையும் வந்திருக்கலாம்.

நீ வர மாட்டாய் என்று நினைத்ததால் கூப்பிடவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது இல்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாயோ என்று பயந்தேன். எனக்குத் தனியாகப் போக வேண்டும் என்று இருந்தது. காரணம் கேட்காதே. எந்தக் காரணமும் கிடையாது. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை.

அதனால்தான் எழுதவில்லை. சக்கரத்தைப் பற்றி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுத முடிந்தது.

ஒனேலியோ


குவானபகோவா,
16 நவம்பர் 2003

அன்புள்ள ஒனேலியோவுக்கு,

உன் கடிதங்களில் கோபப்படாமல் நான் படித்தது இது ஒன்றுதான். ஒரு முறை படித்தேன். போதும்.

நான் கேட்டிருந்தால் நீ நின்றிருப்பாய் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். நின்றிருக்க மாட்டாய். நீ என்னை ஏமாற்றவில்லை, நான் உன்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை. நீ போனாய், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு நாள் வண்டி எடுக்கவில்லை, மூன்றாம் நாள் எடுத்தேன்.

இனி எனக்கு எழுதாதே. திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நமக்குள் எழுத வேண்டியது எழுதியாகிவிட்டது. விவாகரத்துப் பத்திரம் இந்தக் கடிதத்தோடு வருகிறது, மூன்று இடத்தில் கையெழுத்து.

யானெலிஸுக்கு எழுது. உன்னைப் பற்றி அவளிடம் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. அவளுக்கு இடது கைப் பழக்கம், கணக்கு வராது, படகுத்துறையில் நீச்சல் பழகுகிறாள். மீதியை அவளே சொல்வாள், சொல்ல விருப்பம் இருந்தால். பிறந்தநாளுக்கு ஏதாவது அனுப்புவாய் என்று எனக்குத் தெரியும். அனுப்பு. ஆனால் என்ன வேண்டும் என்று முதலில் அவளைக் கேள். அவள் சொன்னால், சொன்னதை அப்படியே அனுப்பு.

நெரெய்தா